கண்ணாடித் தண்ணீர்

1996 மார்ச் 7, வியாழக்கிழமை. வேனிலிருந்து இறங்கி, செருப்பை வாசலில் விட்டு, பர்மாங்கனேட் கலந்த தொட்டியில் இரண்டு காலையும் நனைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். பாசி அறைக்குள் போனதும் முதலில் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஏ.சி. இரவு முழுக்க ஓடியிருந்தது. டியூப்லைட்டுகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லச் சுழற்றி வைத்தேன். அடியில் படிந்திருந்தவை புகைபோல எழும்பித் தண்ணீரில் கலந்தன. மேஜையைத் துடைத்தேன். மைக்ராஸ்கோப்பின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன். குடுவைப் பாசியை ஊற்றிப் பெருக்குவதற்காக வெளியே வைத்திருந்த ஃபைபர் தொட்டியைப் பார்க்கப் போனேன். அதுவரைக்கும் அது எல்லா நாளையும் போன்ற ஒரு நாள்தான்.

நான் வேலை பார்த்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த ஓர் இறால் ஹேச்சரியில். கடலில் பிடித்த தாய் இறாலை வாங்கி வந்து முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்து, இறால் பண்ணைக்காரர்களுக்கு விற்கும் இடம் அது. குஞ்சு பொரிந்ததும் கொஞ்ச காலம் தன் உடம்பிலேயே இருக்கும் மஞ்சள் கருவை வைத்துச் சமாளிக்கும். பிறகு ஒரு தோல் உரித்து, முதன்முதலாக வாய் திறக்கும். அந்த வாய்க்குள் போகிற அளவில் உலகத்தில் இருப்பது மிகச் சில பொருள்கள்தான். அதில் ஒன்று, ஒரே ஒரு செல்லை முழு உடம்பாகக் கொண்ட ஒரு கடல் பாசி. அதை வளர்த்துக் கொடுப்பது என் வேலை. அதனால் எஸ்தர் என்ற என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் நான் பாசியம்மா.

இப்போது அந்தப் பாசி டப்பாவில் அடைத்து வருகிறது. மூடியைத் திறந்து, கலக்கி, ஊற்றிவிடலாம். சென்ற மாதம், கண் டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அப்போதிருந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, முன்பெல்லாம் நிஜமாகவே நீங்களே வளர்த்தீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் அம்மியில் மசாலா அரைத்தவளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படாளத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். செங்கல்பட்டில் கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அங்கே செல் என்பது ஒரு படம். வெளியே சுவர், அதை ஒட்டி உள்ளே சவ்வு, நடுவில் உட்கரு, பக்கத்தில் பச்சையம் இருக்கும் பைகள். அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் மார்க். மைக்ராஸ்கோப்பில் என் முறை வரும்போது வெங்காயத் தோல் காய்ந்து போயிருக்கும். பிறகு சில வருடம் டியூஷன், ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை, அப்புறம் இந்த ஹேச்சரி. பாசி அறையின் பழைய டெக்னீஷியன் எனக்கு ஒரு சீசன் கற்றுக்கொடுத்துவிட்டு, நல்ல சம்பளம் கிடைத்ததென்று நெல்லூர்ப் பக்கம் போய்விட்டார்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவைப்பது பெரும்பாடாகிவிட்டது. எங்கள் ஊரில் செல்லு என்றால் கதவு நிலையையும் கூரையையும் அரிக்கும் கறையான்.

"நாம மருந்து வெச்சு வெரட்டிகினு கீறோம், இவங்க சம்பளம் குடுத்து செல்லு வளக்குறாங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சொல் பிற்காலத்திலும் என்னை விடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் தம்பி ஹேச்சரிக்குப் போன் செய்தான். எடுத்த வாட்ச்மேன், "அம்மா உள்ள செல் எண்ணிகினு கீறாங்கோ" என்று சொல்லியிருக்கிறார். தம்பி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஒண்ணு எனக்கு எடுத்து வெக்கச் சொல்லுங்கண்ணா, கேமரா வெச்சது" என்றானாம்.

எண்ணுவது என்னவோ உண்மைதான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, கட்டம் செதுக்கிய தடித்த கண்ணாடித் துண்டின் மேல் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூட வேண்டும். மூடும்போது ஒரு ஓரத்தை முதலில் வைத்துச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழி வராது. இரத்தப் பரிசோதனைக்காரர்கள் பயன்படுத்தும் அதே கண்ணாடிதான். பிறகு கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். கட்டத்தின் மேல் கோட்டிலோ இடக் கோட்டிலோ உட்கார்ந்திருந்தால் சேர்க்கலாம், கீழ்க் கோட்டிலோ வலக் கோட்டிலோ என்றால் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

எண்ணும்போதே அவற்றின் உடல்நிலையும் தெரியும். நாங்கள் வளர்த்த பாசியில் செல்கள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக இருக்கும். பச்சையம் இருக்கும் பை பொன் கலந்த பழுப்பாக நிறைந்திருந்தால் சாப்பாடும் வெளிச்சமும் போதும் என்று அர்த்தம். சங்கிலி நீளமாக இருந்தால் வேகமாகப் பிரிந்து பெருகுகிறது. மங்கி, சுருங்கி, சவ்வு சுவரைவிட்டு உள்வாங்கியிருந்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் மூன்று வருடம் நான் அசையாமல் வரைந்துகொண்டிருந்த ஒன்று, இங்கே தின்றது, கோபித்துக்கொண்டது, நல்ல வெளிச்சத்தில் குஷியாக இரண்டாகப் பிரிந்தது. அந்த அறையில் எனக்கு ஒருநாளும் பொழுது போகாமல் இருந்ததில்லை.

மேனேஜர் சம்பந்தம் சார் தூத்துக்குடிக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் பாசி அறை வாசலில் நின்று, "உங்க ஜனங்க என்ன செய்யுதாங்க?" என்று கேட்பார். 'நல்லா இருக்காங்க சார்' என்று சொன்னால் அவருக்குப் போதாது. என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரு பீக்கரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, லைட் டீ, மீடியம், ஸ்ட்ராங் என்று ஒரு வார்த்தை சொல்லுவார். பெருகப் பெருகப் பாசித் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். ஸ்ட்ராங் என்றால் குஞ்சுகளுக்கு ஊற்றலாம்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வேலை செய்யும் எல்லோரும் படிக்கும்படி எல்லா லேபிளும் தமிழில் இருக்க வேண்டும். வாங்கி வரும் பாட்டில்களில் கடைக்காரன் ஒட்டியது இருக்கும். நாங்கள் நிரப்பி வைக்கும் கேன், டிரம், வாளி எல்லாவற்றிலும் அவரே கட்டை மார்க்கரால் அழகாக எழுதி ஒட்டுவார். கடல் தண்ணீர், வடிகட்டிய கடல் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று எங்கள் அறையில் தண்ணீரே பல பெயரில் இருந்தது.

அந்த மார்ச் மாதத்து பேட்ச் முழுக்க முழுக்க என் பொறுப்பில் நடந்த முதல் பேட்ச். சென்னையிலிருக்கும் முதலாளி, நெல்லூர்ப் பக்கமிருந்து அனுபவமுள்ள ஓர் ஆளைக் கூட்டி வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். சம்பந்தம் சார்தான், இந்த ஒரு பேட்சை எஸ்தர் செய்து பார்க்கட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். குஞ்சு தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அவர் என்னிடம் மறைக்கவில்லை.

எனக்கு உதவிக்கு முனியம்மா அக்காவை அனுப்பியிருந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அதுவரை கருவாடு காயவைத்து விற்றவர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அதிகம். புதன்கிழமை காலையில் நான் குஞ்சுத் தொட்டியில் மாட்டிக்கொண்டதால், ஃபைபர் தொட்டிக்கு உரம் போடும் வேலையை அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, கடைசியில் கண்ணாடித் தண்ணி. எல்லாவற்றுக்கும் அளவு மூடி அவரிடம் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஸ்ட்ராங் டீயாக இருக்க வேண்டிய தொட்டி, லைட் டீயாக நின்றது. மறுநாள் காலையில் குஞ்சுகள் வாய் திறக்கும்.

சம்பந்தம் சார் வந்து பீக்கரைத் தூக்கிப் பார்த்தார். கடல் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் குளோரின் மிச்சம் இருக்குமோ என்று சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தார். இருந்தால் மஞ்சளாகும், ஆகவில்லை. காற்றுக் குழாய் சரியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உப்பின் அளவு சரி. முந்தைய நாள் வெயிலுக்கும் குறைவில்லை. பக்கத்து ஹேச்சரியில் பாசி கேட்கலாம் என்றால், தண்ணீரோடு அவர்களுடைய நோயும் வரும் என்று அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். இந்தத் தொட்டியைக் கொட்டிக் கழுவிவிட்டு, இருக்கிற குடுவைகளை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார். ஆரம்பித்தாலும் காலைக்குள் பாதிக் குஞ்சுக்குக்கூடப் போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன்.

செத்த செல் எதுவும் கண்ணில் படவில்லை. நிறம் நன்றாகவே இருந்தது. சவ்வு சுருங்கவில்லை. ஆனால் சங்கிலிகள் எல்லாம் குட்டை குட்டையாக இருந்தன. அதோடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பளபளவென்று சின்னச் சின்னப் பொட்டுகள். எண்ணெய். அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டினி கிடக்கும் செல்லிடம் எண்ணெய் எப்படி வந்தது? வெயிலை வாங்கி உணவு செய்திருக்கிறது. செய்ததைச் செலவு செய்ய வழியில்லாமல் உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. எல்லாம் இருந்தும் பிரிய மாட்டேன் என்கிறது.

இந்தப் பாசியின் உடம்பு, மூடி போட்ட சோப்பு டப்பாவைப் போன்றது. அடிப்பாகம் ஒன்று, அதன் மேல் கவிழும் மூடி ஒன்று. இரண்டும் கண்ணாடி. நிஜமாகவே கண்ணாடி, மணலில் இருக்கும் அதே பொருள். செல் பிரியும்போது முதலில் உட்கரு இரண்டாகும். பிறகு ஒரு பாதி மூடியை எடுத்துக்கொள்ளும், இன்னொரு பாதி அடிப்பாகத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டும் தனக்கு இல்லாத மறு பாதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதற்கான கண்ணாடியை அது தண்ணீரிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். தண்ணீரில் இல்லையென்றால் பிரியாது.

அதைக் கொடுப்பதற்காகத்தான் சோடியம் சிலிக்கேட் என்ற பாகு போன்ற மருந்தை ஊற்றுகிறோம். சென்னையில் அதை விற்கும் கடையில் கண்ணாடித் தண்ணி என்றுதான் கேட்பார்கள். எங்கள் பழைய டெக்னீஷியனும் அப்படித்தான் சொல்லுவார். நானும் அப்படியே பழகியிருந்தேன்.

அலமாரியைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்தேன். மூடி அசையவில்லை. அந்த மருந்து கொஞ்சம் வெளியே வழிந்து காய்ந்தால் மூடியைக் கல்லைப்போல ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாள் திறந்த பாட்டில் இப்படி இறுகியிருக்க முடியாது.

முனியம்மா அக்கா வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு, நேற்று கண்ணாடித் தண்ணி ஊற்றினீர்களா என்று கேட்டேன்.

"ஊத்தாம? நீ ஒரு மூடி சொன்ன. பாவம் வளரட்டுமேன்னு நான் ரெண்டு மூடி ஊத்தனேன்."

"எதுலேருந்துக்கா?"

"இன்னா கேள்வி இது? அதுலேருந்துதான்."

அவர் கை காட்டிய இடத்தில், குடுவைகளைக் கழுவியபின் கடைசியாக அலசுவதற்கென்று வைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் இருந்தது. கண்ணாடிச் சாமான்களுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர். அதனால் சம்பந்தம் சார் தன் கையால், கட்டை மார்க்கரில், கொம்பும் சுழியும் தவறாமல் எழுதி ஒட்டியிருந்தார்: கண்ணாடித் தண்ணீர்.

சார் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். மூன்று பேரும் அந்த லேபிளைப் பார்த்தோம்.

"நான் இன்னா படிக்காதவளா? அஞ்சாவது பாஸு," என்றார் முனியம்மா அக்கா. "நீயே படி சார். இன்னா எழுதிக்கீது?"

சார் படித்தார். சத்தமாகவே படித்தார். பிறகு, "நம்ம கையெழுத்துதான்" என்றார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நானும் சிரித்துவிட்டேன். வேலை போகும் நிலையில் அப்படிச் சிரித்திருக்கக் கூடாதுதான். முனியம்மா அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரெண்டு பேரும் ஒரே பேரை ரெண்டு தண்ணிக்கு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தால் எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தொட்டியைக் கொட்ட வேண்டாம் என்று சாரிடம் சொன்னேன். உயிர் இருக்கிறது, சாப்பாடும் சேர்த்து வைத்திருக்கிறது, வீடு கட்டப் பொருள் மட்டும் கொடுத்தால் போதும் என்றேன்.

"காலைக்குள்ள தேறுமா?"

"தேறும் சார்."

"தேறலைன்னா ஊத்துறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. தெரியும்லா?"

தெரியும் என்றேன். அவர் பாட்டிலைத் திறக்க வெந்நீர் கொண்டு வரச் சொன்னார்.

சிலிக்கேட்டை அப்படியே கடல் தண்ணீரில் ஊற்றக் கூடாது. திரிந்து, வெள்ளைச் செதில் செதிலாக அடியில் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் முதலில் நன்றாகக் கரைத்துக்கொண்டு, காற்றுக் குழாய் பலமாகக் குமிழி விடும் இடத்தில், நூல்போல ஊற்ற வேண்டும். முனியம்மா அக்கா துடுப்பு போன்ற கட்டையால் கலக்கிக்கொண்டே வர, நான் தொட்டியைச் சுற்றி வந்து ஊற்றினேன். செதில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெயில் நன்றாக அடித்தது.

மதியம் சாப்பிட்டதும் முனியம்மா அக்கா பாசி அறைக்கு வந்தார். "நான் பட்டினி போட்டது யாரைன்னு காட்டு" என்றார்.

ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னேன். அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை என்றார். பிறகு சரியாகப் பார்த்ததும் ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சங்கிலியை அறுத்துப் போட்டா மாதிரி கீது," என்றார். "உள்ள இன்னாமோ மினுக்குது."

எண்ணெய் என்றேன்.

"எண்ணெயெல்லாம் ரெடியா வெச்சுகினு வூடு இல்லாம கீதுங்களா?" என்று கேட்டார். எழுந்திருக்கும்போது, "கண்ணாடியிலயே வூடு. எங்க குப்பத்துல யாருக்கும் கெடையாது" என்றார்.

அன்று மாலை வேனில் திரும்பும்வரை நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை. வேலைக்காக நானும் அம்மாவும் குடிவந்திருந்த திருக்கழுக்குன்றம் வாடகை வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்லு எல்லாம் சுகமா என்று கேட்டார். வீடு கட்டுகிறது என்றேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, அறைக்குள்ளேகூடப் போகாமல், ஈரக் காலோடு ஃபைபர் தொட்டிக்குப் போனேன். தண்ணீர் கறுத்திருந்தது. பால் ஊற்றாமல் நெடுநேரம் கொதிக்கவிட்ட டீயைப்போல நின்றது. காத்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் பிரிந்திருக்கின்றன. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபோது, சங்கிலிகள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு கிடந்தன. எண்ணெய்ப் பொட்டுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சம்பந்தம் சார் பீக்கரைத் தூக்கிப் பார்த்தார். தானே போய் வால்வைத் திறந்தார். பழுப்புத் தண்ணீர் துணி வடிகட்டி வழியாகக் குஞ்சுத் தொட்டிக்குள் இறங்கியது.

பிறகு ஒரு பீக்கரில் குஞ்சுகளை மொண்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். குஞ்சு தின்றதா இல்லையா என்பதற்கு ஒரே அடையாளம், அதன் பின்னால் நூல்போலத் தொங்கும் கழிவு. முதலில் ஒன்றின் பின்னால் தெரிந்தது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீக்கர் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தவை எல்லாம் ஆளுக்கொரு பழுப்பு நூலை இழுத்துக்கொண்டு நீந்தின.

"நெல்லூர் ஆளு வேண்டாம்னு இன்னைக்கே சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்," என்றார் சார். "அடுத்த பேட்சுக்குப் பாசியை ஆரம்பிச்சிருங்க எஸ்தர்."

முனியம்மா அக்கா பீக்கரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு சார். மொதல்ல இதுங்க துன்னு முடிக்கட்டும்," என்றார்.